விரல் பொய் சொல்லாது

"இந்த ராடிலயும் ஆட்டம் இருக்கு. வேற செய்!" என்று எஞ்சினை மேசை மேல் வைத்தார் டென்சில்.

பொம்மை விமானத்தின் எஞ்சின். கைக்குள் அடங்கிவிடும். பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு காற்றாடியை லேசாக அசைக்க வேண்டும். பிஸ்டனைக் காற்றாடியின் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருந்தால் விரலில் 'டிக்' என்று தட்டும். ஆஸ்டின் டவுனில் டென்சிலின் விரலைக் கேட்காமல் யாரும் விமானம் விடமாட்டார்கள்.

"புது ராட் மாமா. டயல் கேஜ் வச்சே அளந்து பார்த்துட்டேன், கரெக்டா இருக்கு," என்றான் லேத்தில் நின்ற மைத்துனன் ஜாய்சன்.

"அப்ப என் விரல் பொய் சொல்லுதா?"

"இந்த மாசம் வந்த எல்லா எஞ்சின்லயும் ஆட்டம்னு சொல்றீங்களே..."

"நீ செய்யறது எல்லாம் குப்பை, அதான். நாளையிலருந்து வராதே."

ஜாய்சன் வாசலைப் பார்த்தான். டீயோடு நின்ற அவன் அக்கா டோரதி, 'சொல்லாதே' என்பதுபோல் தலையசைத்தாள். அவன் ஏப்ரனைக் கழற்றி லேத் மேல் போட்டுவிட்டு வெளியேறினான்.

"தம்பிக்காக எங்கிட்ட வக்காலத்து வாங்காதே," என்றார் டென்சில்.

எப்போதும் டீயை மேசையில் வைக்கும் டோரதி, இன்று கப்பையும் சாசரையும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

டிக். டிக். டிக்.

சட்டென்று எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார். அது மேசை மேல் அசையாமல் கிடந்தது.

சத்தம் அவர் கையிலிருந்த சாசரில் கப் தட்டுவதால் வந்தது. குனிந்து பார்த்தார். கப்பில் பாதிதான் டீ இருந்தது.

கொஞ்ச நாளாகவே டோரதி பாதிதான் ஊற்றுகிறாள்.