அரைஞாண் கயிறு

துணியில்லாமல் திரிவதற்கென்றே விட்டிருந்த அந்த அயல்நாட்டுக் கடற்கரையில் செங்கோடன் காலையிலிருந்து பிறந்தமேனியாக உலாவிக்கொண்டிருந்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூச்சம் மதியத்துக்குள் போய்விட்டது, தனிமைதான் போகவில்லை. அவன் வாய்விட்டுத் தமிழ் பேசி மாதக்கணக்காகிவிட்டது. அப்போதுதான், குடை நிழலில் படுத்திருந்த ஒருவரின் இடுப்பில், தன் இடுப்பில் கிடப்பதைப் போலவே ஒரு கறுப்பு அரைஞாண் கயிற்றைக் கண்டான். மணல் தெறிக்க ஓடினான்.

"ஏனுங்ண்ணா, நீங்க எந்த ஊருங்க?"

அவர் பதறி எழுந்து, துண்டை எடுத்து வேட்டிபோல் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் தமிழே தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

சுற்றிலும் அத்தனை பேர் அம்மணமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். செங்கோடன் மட்டும், அவர் போன திசையைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் தன்னை மறைத்துக்கொண்டு நின்றான்.