வெள்ளத்துரையின் குறை

“ஏளா, இன்னைக்கும் அந்த ஆளு உன்னை வாரியிருக்கான்!”

வாசலில் பைக்கை நிறுத்தும்போதே சுடலைக்கண்ணன் மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டான். கையில் மாலைப் பேப்பர்.

சண்முகவடிவு அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஏழாம் பக்கத்தைப் பிரித்தாள். மேலே அவள் போட்ட குறுக்கெழுத்துக் கட்டம். கீழே அதைப் பற்றி வாசகர் கடிதங்கள். முதல் கடிதமே வெள்ளத்துரை, தூத்துக்குடி.

‘முந்தாநாள் கட்டத்தில், கிழக்கிலிருந்து வீசும் காற்று எது என்று கேட்டு, கொண்டல் என்று விடை தந்திருக்கிறார்கள். கொண்டல் மேற்கிலிருந்து அல்லவா வீசும்! கட்டம் போடும் அம்மையார் ஒருநாளாவது கடற்கரையில் போய் நிற்கட்டும்.’

“ஏங்க, கொண்டல் கிழக்கேருந்துதான வரும்?”

“சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விட்டுத்தள்ளுளா, கிறுக்கன்.”

எப்படி விடுவது? ஐந்து வருடமாக ஆறுமுகநேரியில் இருந்துகொண்டு தினம் ஒரு கட்டம் போட்டு அனுப்புகிறாள். புருஷன் உப்பளத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீட்டில் அவளும் அகராதியும்தான். கட்டத்துக்கு மேலே ‘சண்முகவடிவு’ என்று தன் பெயரை அச்சில் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குத்தான் ஆறு மாதமாக இந்த மனுஷன் வேட்டு வைக்கிறார். வாரத்துக்கு நாலு கடிதம், நாலிலும் குறை. அந்தக் குறையாவது சரியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பனையில் ஆண் மரமே கிடையாது என்று ஒருநாள் எழுதினார். பனைக்கு நடுவிலேயே வாழும் சாத்தான்குளத்துக்காரர்கள் இருபது பேர் அவரோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள். தனக்காகப் பேச ஆள் இருக்கிறது என்பது ஆறுதல்தான். இருந்தாலும் குத்தினால் வலிக்கத்தானே செய்யும்?

மறுநாள் காலை தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிட்டாள். பேப்பர் ஆபீசில் ஏழாம் பக்கத்தைக் கவனிக்கிற பால்துரை இருந்தார்.

“அண்ணாச்சி, இந்தாங்க. இதுதான் கடைசிக் கட்டம். இனிமே என்னால முடியாது.”

பால்துரை கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா திடீர்னு?”

“அந்த வெள்ளத்துரை எழுதுததை நிறுத்துங்க. இல்லேன்னா நான் நிறுத்திக்கிடுதேன். தப்புத் தப்பா எழுதுதாரு, அதைப் போயி மொதக் கடிதமாப் போடுதீங்களே!”

பால்துரை வாசலைப் பார்த்தார். எழுபது வயதிருக்கும் ஒருவர், கையில் மடித்த காகிதத்தோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.

“அந்தா, அவரே வாராரு.”

அவர் உட்காரக்கூட இல்லை. சண்முகவடிவு பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதான் வெள்ளத்துரையா? நான் சண்முகவடிவு. ஆறு மாசமா கிழிகிழின்னு கிழிக்கீங்களே, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்?”

பெரியவர் ஆடிப்போய்விட்டார். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். “நீங்கதானாம்மா அது...” என்று ஆரம்பித்தவர், பால்துரையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“தப்புன்னு பட்டுது, எழுதுனேன்.”

“கொண்டல் மேக்கேருந்தா வரும்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குது.”

“சிரிச்சிட்டுப் போட்டும். நாளைக்குக் கட்டம் உண்டும்லா?”

“கிடையாது. இன்னையோட சரி.”

அவர் முகம் தொங்கிப்போனது. கொண்டுவந்த காகிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நான் இனிமே எழுதலைம்மா. நீங்க மட்டும் நிறுத்திராதீங்க.”

வந்த வழியே மெல்ல இறங்கிப் போய்விட்டார்.

“பார்த்தீங்களா? நேர்ல கேட்டதும் வாயடைச்சுப் போச்சு!” சண்முகவடிவுக்கு ஜெயித்துவிட்ட தெம்பு.

பால்துரை மேசை டிராயரை இழுத்து, ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

எல்லாம் அவள் போட்ட கட்டங்கள். பேப்பரிலிருந்து வெட்டி, ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் ஒரு வரி. ‘அருமை.’ ‘இன்று ஒரு மணி நேரம் அலையவிட்டீர்கள், சபாஷ்.’ ‘இந்தக் கட்டம் இல்லாவிட்டால் எனக்குச் சாயங்காலமே இல்லை.’ எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. வெள்ளத்துரை, தூத்துக்குடி.

“நாலரை வருஷம் தினமும் எழுதுனாரு. வேற ஒருத்தரும் எழுதலை, ஒத்த ஆளு கடிதத்தை எப்படி அச்சுல போட, டிராயர்லயே வச்சிட்டேன். ஆள் சீந்தாத கட்டம் எதுக்கு, எடுத்துட்டு விளம்பரம் போடுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. நான் இவர்ட்ட, பாராட்டுனா யாரு அண்ணாச்சி படிக்கா, தப்பா ஒண்ணு எழுதுனாத்தான் திருத்துததுக்கு நூறு பேரு ஓடி வருவான்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். மறுநாள்லேருந்து அந்த மனுஷன் தப்பாவே எழுத ஆரம்பிச்சுட்டாரு. நேத்து கொண்டலுக்கு மட்டும் மணப்பாட்டு மீனவங்கட்டேருந்து அறுபது மெசேஜ். கட்டத்துல கையே வைக்கப்பிடாதுன்னு மொதலாளியே இப்போ சொல்லுதாரு.”

சண்முகவடிவு கடைசிக் கட்டம் என்று கொடுத்ததை மேசையிலிருந்து எடுத்து, “இது கடைசி இல்லை அண்ணாச்சி” என்று திரும்ப நீட்டினாள்.

“அப்போ கொண்டல் கிழக்கேருந்து வாரதுன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? முப்பத்திரெண்டு வருஷம் நம்ம ஹார்பர்ல இழுவைக் கப்பல் ஓட்டுனவரும்மா அவரு!”