பத்து மீட்டர் கேபிள்

கேபிளின் ஒரு முனையைக் குப்புராஜ் கையில் திணித்துவிட்டு, மறுமுனையோடு கடையை விட்டே வெளியேறினாள் கலைமணி. பக்கத்து மருந்துக்கடைச் சுவர் திரும்பியதும் ஆள் கண்ணில் படவில்லை. கேபிள் மட்டும் விறைத்தது.

“பத்தலைங்கண்ணா” என்று சுவருக்கு அந்தாண்டையிருந்து குரல் வந்தது.

அரூரில் கேமரா சாமான் விற்றே தலை நரைத்தவர் குப்புராஜ். விலையில் குறை சொன்னவர்கள் ஆயிரம் பேர். நீளத்தில் குறை சொன்னவள் இவள் ஒருத்திதான்.

“ஏம்மா, கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல தேரா ஓடப்போவுது? உங்க வூட்டுக்காரர் இருந்த வரைக்கும் மூணு மீட்டர்தான் வாங்குவாரு. அதுலயே பாதியச் சுருட்டி வெச்சிக்குவாரு.”

“எனக்குப் பத்து மீட்டர் வேணும். கேமராவ மேடையில ஸ்டேண்டு போட்டு நிறுத்திட்டு, உள்ளேருந்து லேப்டாப்புல அமுக்குவேன். தாலி கட்டற நேரத்துல கேபிள் புட்டுக்கிச்சுன்னா அந்தப் படம் ஜென்மத்துக்கும் கிடைக்காது.”

கல்யாண வீட்டார் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற பயம் போலும் என்று குப்புராஜ் கணக்குப் போட்டார். “வயரே இல்லாம வைஃபைல எடுங்களேன்.”

“ரெண்டு செவுரு தாண்டி விட்டு விட்டு வருது. முடிச்சு போடறவங்க காத்திருப்பாங்களா?”

சிக்னல் குறையாமலிருக்க நடுவில் பூஸ்டர் வைத்த நீளக் கேபிள் இரண்டை எடுத்துப் போட்டார். கம்பெனிச் சரக்கை விலை கேட்டதோடு ஒதுக்கிவிட்டாள். நூல் பின்னல் போட்டதை எடுத்து, வயரும் பின்னும் சேரும் கழுத்தை மடக்கிப் பார்த்தாள். தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தாள்.

“கதவுக்கு அடியில போவணும். வர்றவங்க போறவங்க மிதிப்பாங்க.”

“மாடு மிதிச்சாலும் தாங்கும். நாலாயிரம்.”

“ரெண்டாயிரத்தைந்நூறுதாங்க இருக்கு.”

வேறு கடை பார்க்கிறேன் என்று படியிறங்குவதுபோல் ஒரு பாவலா காட்ட வேண்டாமா? அதுகூட இல்லை. கேபிளை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேரம் பேசத் தெரியாதவளிடம் குப்புராஜ் தானாக இறங்கிவந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சுருட்டிக் கொடுக்கும்போது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மேடையிலயே நின்னு எடுத்துட்டுப் போறதுக்கு இம்புட்டுப் பாடா?”

“மேடைப்பக்கம் வரக்கூடாதுன்னு மாப்பிள்ளை வூட்டுல கறாரா சொல்லிட்டாங்க. முகூர்த்தம் முடியற வரைக்கும் ஸ்டோர் ரூம்ல உக்காரணுமாம்.”

குப்புராஜ் சிரித்துவிட்டார். “நல்ல கூத்தும்மா. காசு குடுத்துக் கூப்பிட்ட போட்டோக்காரியப் போயி எவனாச்சும் ஸ்டோர் ரூம்ல உக்கார வெப்பானா?”

“போட்டோக்காரிய இல்லீங்கண்ணா. பொண்ணோட அம்மாவ.”