அது நான்தான்

வயிறு கடமுடவென்று சத்தம் போட்டால், நாலு பேர் நடுவில் நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்வீர்களா?

ஹார்க்கம் மாளிகைக்குப் பேய் தேட வந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும். இருட்டில் உங்களால் என்ன சத்தம் வந்தாலும் அந்த நொடியே "நான்தான்" என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் காலையில் ரெக்கார்டரைப் போட்டுக் கேட்கும்போது அது பேய்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

"நான்தான்," என்றார் ரொட்டிக் கடை கிளைவ், மூன்றாவது தடவையாக. "ராத்திரி தின்ன பீன்ஸ்."

"பேய் உங்க வயித்துக்குள்ளயே குடியிருக்கு. நாங்கதான் வீடு பூரா தேடிக்கிட்டிருக்கோம்," என்றார் கிழவர் பெர்சி. இந்தக் கூட்டத்துக்கே மூத்தவர் அவர்தான்.

டெல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாமாதம் இந்த ராத்திரியை நடத்துகிறவள் அவள். இன்றைக்கு அவள் கவலையெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்த ஹேசலைப் பற்றித்தான்.

ஹேசலின் கணவன் நீல் இந்த மாளிகைக் கூரையைப் பழுதுபார்த்தவன். அவன் இறந்து ஒரு வருஷம். ஏழு மாதமாக இந்த ராத்திரிக்கு ஹேசல் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்துவிடுகிறாள். ஒன்பது வயது மகள் டெஸ்ஸாவுக்கு அன்றைக்குப் படுக்கை பக்கத்து வீட்டில்.

"ஒரே ஒரு சத்தம் வந்தாப் போதும் டெல்மா, காலம் பூரா வந்துடுவேன்," என்று படியேறும்போதே டெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "வரலைன்னா இதோட விட்டுடறேன்னு டெஸ்ஸாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

பின்னாலேயே ஏறி வந்த பெர்சியின் காதிலும் அது விழுந்தது.

மணி மூன்று. விடிந்தால் போச்சு.

"நீல், இங்க இருக்கியா? ஒரு தட்டு தட்டேன்," என்றாள் ஹேசல் இருட்டைப் பார்த்து.

ஒன்றுமில்லை.

"அன்னிக்கு நான் திட்டினதுக்கு இன்னும் கோவமா?"

டெல்மா மெல்லக் குதிகாலைத் தூக்கினாள். பலகைத் தரைதானே, ஒரு தட்டுத் தட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? பாவம், இவளுக்கு ஓர் ஆறுதல்.

குதிகால் இறங்குவதற்குள் கேட்டது.

டொக். டொக். டொக்.

பெர்சி உட்கார்ந்திருந்த சுவர்ப் பக்கமிருந்து. டெல்மாவின் குதிகால் அந்தரத்திலேயே நின்றது. கிளைவின் வயிறுகூட வாயை மூடிக்கொண்டது. ஹேசல் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"நீல்!"

"நான்தான்," என்றார் பெர்சி. "மன்னிச்சுக்கம்மா. முட்டி சுவத்துல இடிச்சிடுச்சு."

"மூணு தடவையா?" டெல்மா சீறினாள்.

"வயசாச்சுல்ல, கால் நடுங்குது. நான்தான்."

ஹேசல் அப்படியே உட்கார்ந்தாள். அப்புறம் விடியும்வரை ஒரு சத்தமும் இல்லை.

ஆறு மணிக்கு ஹேசல் கோட்டை மாட்டிக்கொண்டாள். முகம் வீங்கியிருந்தது.

"டெஸ்ஸா எழுந்திருக்கறதுக்குள்ள போயிடறேன். இனிமே வரமாட்டேன், டெல்மா."

அவள் கார் வாசலைத் தாண்டியதும் டெல்மா பெர்சியிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அந்த ஒரு சத்தத்துக்காக அவ என்ன பாடு பட்டா! காலை அடக்கி உட்கார முடியாதவருக்கு இங்க என்ன வேலை?"

கிழவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"அது நான் இல்லம்மா."

"என்னது?"

"என் சம்சாரம் ஐவி இங்கதான் சமையல்காரியா இருந்தா. அவ செத்த வருஷம், அதே அறையில, மூணு தட்டு கேட்டேன். இன்னொரு தடவை கேட்டுட மாட்டோமான்னு பத்தொன்பது வருஷமா வந்துக்கிட்டிருக்கேன். என் பொண்ணு பக்கத்து வீட்டு அடுப்படியிலயே வளர்ந்தா. இப்ப நான் போன் பண்ணினா எடுக்கறதில்ல."

"அப்போ... ராத்திரி கேட்டது?"

"அதேதான்மா. அதே மூணு தட்டு."

டெல்மா மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஹேசலாவது வீடு போய்ச் சேரட்டும்," என்றார் பெர்சி. "ஆனா என்னை என்னாலயே நம்ப முடியல. அடுத்த மாசம் நான் வந்து நின்னா, எவ்வளவு கெஞ்சினாலும் கதவைத் திறந்துடாதேம்மா."