பதினாறு கிலோ

கைத்தராசின் கொக்கியில் அவளுடைய பை தொங்கியது. முள் பதினாறைத் தொட்டதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பதினாறு கிலோ! என்னோடது ஏழே ஏழு. ஒன்பது மாசமா வெளிநாடு சுத்துறோம், இன்னும் உனக்கு ஆசை விடலையே! உள்ள என்ன, வீட்டு பீரோவை மடிச்சு வச்சிருக்கியா?"

அவள் பையை இறக்கி ஜிப்பை இழுத்து மூடினாள்.

'ஏழு கிலோ ஐயா' என்றால் போகிற ஊரில் எல்லாம் தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பாரமில்லாமல் வாழ்வது எப்படி என்று மேடையில் பேசுவார். தன் பையை ஒரு விரலில் தூக்கிக் காட்டுவார், கைதட்டல் கிடைக்கும். பிறகு முதல் வரிசையில் இருக்கும் மனைவியைக் காட்டி, "இந்தம்மா பையைத் தூக்கணும்னா கிரேன் வரணும்!" என்பார். அரங்கம் குலுங்கும்.

அந்தச் சிரிப்பைக்கூட அவள் பொறுத்துப் போயிருப்பாள். நீல ஸ்வெட்டரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவளுக்காகப் பின்னியது அது. இடது கை ஒரு விரல் அளவு குட்டை. அதைச் சரிசெய்து தரத் தங்கை இருக்கவில்லை.

முதல் ஊர்க் கூட்டத்திலேயே அவர் அதை மேடையில் விரித்துக் காட்டி, "ஒரு கை குட்டையா இருக்கு, இதைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கா!" என்று சொல்லி, வேண்டாத பொருள்களுக்கென்று வைத்திருந்த பெட்டியில் வீசினார். அவள் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கையை விட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மறு கையில் மைக்.

"போனது போனதுதான். யாரா இருந்தாலும் திரும்ப எடுக்கக் கூடாது, நான் உட்பட!"

அதற்கும் கைதட்டினார்கள். அன்றைக்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காத்திருந்தாள்.

இன்றோடு கூட்டங்கள் முடிகின்றன. மாலையில் ஊருக்கு விமானம். காலையில் கட்டிலில் சாய்ந்தபடி அவர் கடைசி வரியை எழுதி, பேனாவை மூடினார். கம்ப்யூட்டர் பாரம் என்று எல்லாமே கையெழுத்துதான்.

"முடிஞ்சது! அஞ்சு நோட்டு, ஒன்பது மாசத்து உழைப்பு. ஊருக்குப் போனதும் நேரா அச்சுக்கு!"

திரும்பிப் பார்க்காமலே நோட்டை நீட்டினார். அவள் வாங்கி வைத்தாள். "மூட்டுக்குத் தைலம்" என்று மறுபடி கை நீண்டது. தைலம் வந்தது.

"என்னங்க, இன்னைக்கு என் பையையும் பெட்டியில போட்டுடலாமா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிஜமாவா சொல்றே? இப்பத்தான்டி நீ என் பொண்டாட்டி! மேடையில வச்சுப் போடுவோம், ஊரே பாக்கட்டும்."

அரங்கில் கூட்டம் நெரிந்தது. சங்கச் செயலாளர் மைக்கைத் தட்டினார். "துணிமணியெல்லாம் ஆதரவற்றோர் விடுதிக்குப் போயிடும். காகிதம், புத்தகமெல்லாம் கூழாக்குற ஆலைக்கு. வேன் வாசல்லயே நிக்குது, தாராளமா போடுங்க!"

ஒருவர் ஓடாத கடிகாரத்தைப் போட்டார். ஒரு பெண் குதிகால் செருப்பைப் போட்டாள். கடைசியாக அவள், இரண்டு கையாலும் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள்.

பெட்டியருகே வந்ததும் நின்றுவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை திறந்து பாத்துட்டுப் போடலாமாங்க?"

கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அவர் சிரித்தார்.

"பாத்தீங்களா, ஆசை எங்க ஒளிஞ்சுக்கிட்டு இருக்குன்னு! திறந்தா மனசு மாறிடும். அப்படியே போடு."

"எனக்குக் கை வரலைங்க. நீங்களே போட்டுடுங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மூச்சு வாங்கப் பையைத் தூக்கினார். 'தொம்' என்று விழுந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. "போனது போனதுதான்!" என்று அவர் கத்த, கூட்டமும் சேர்ந்து கத்தியது. சற்று நேரத்தில் வேன் புறப்படும் சத்தம் கேட்டது.

விமான நிலையத்தில் அவர் பையை எடை போட்டார்கள். ஏழு. அவளிடம் தோளில் ஒரு துணிப்பைதான் இருந்தது. அதில் இரண்டு செட் துணி, ஒரு சீப்பு, அவருடைய பிரஷர் மாத்திரை.

"பாத்தியா, இப்ப எவ்வளவு லேசா இருக்கு!"

"ஆமாங்க," என்று அவள் மனதாரச் சொன்னாள். "ரொம்ப லேசா இருக்கு."

விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"நீ பையைத் தூக்கிட்டு வந்து நின்னியே, அதையும் புத்தகத்துல சேர்த்துடணும். சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். அந்தக் கடைசி நோட்டை எடு."

திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். நீட்டிய கையில் எதுவும் வந்து விழவில்லை.

"அஞ்சு நோட்டும் எங்கதான் வச்சிருக்கே?"

கண்ணாடிக்கு வெளியே ஒரு விமானம் மேலேறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எப்பவும் போல, அந்தப் பதினாறு கிலோ பையிலதாங்க."