வளைவுத் தகடு

"மகள், பாலத்த எப்பதான் திறப்பீங்க?"

தோணியைக் கரையில் கட்டிவிட்டு சாமித்தம்பி கேட்டார். இதே கேள்வியைத்தான் அவர் தினமும் கேட்கிறார்.

பாலத்துக்கு அடியில் நின்ற பொறியியலாளர் சுலக்ஷனாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரும்பு உத்திரத்தில் வெடிப்பு விழுந்து பாலத்தைப் பூட்டிய நாளிலிருந்து, வாவியைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் இவருடைய தோணியில்தான் போகிறார்கள். பாலம் திறந்தால் யார் தோணியில் ஏறப்போகிறார்கள்?

"இன்னும் ஏழு நாள், ஒரு கிழமை செல்லும் ஐயா."

"அந்தா கிடக்கிற சதுரத் தகட்ட ஒட்டினா?"

வெல்டிங் செய்யும் ஜெராட் சிரித்தான். "ஒட்டினா நாளைக்கே திறக்கலாம். மிஸ்தான் விடுறாவில்ல."

சுலக்ஷனா உத்திரத்தைக் காட்டினாள். "தண்ணிக் குழாய் கொண்டுபோக இதில சதுரமா ஓட்டை வெட்டியிருக்காங்க. பாரமெல்லாம் அந்த மூலையில வந்து குவிஞ்சுதான் இரும்பு கிழிஞ்சிருக்கு. முதல்ல ஓட்டை மூலைய வளைவாக்கணும். பிறகு சுத்திவர வளைவுத் தகடு போட்டாத்தான் பாரம் பரவும். சதுரத் தகட்டப் போட்டா அதிட மூலையில திரும்பவும் வெடிக்கும். அவசரப்பட்டா உயிர் போயிரும் ஐயா."

"ஓம் மகள். அது சரிதான்."

அவர் முகம் வாடிப்போனது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் அவளுக்கு இருந்தது.

"யோசிக்காதீங்க. தகடு கொழும்பில இருந்து வாற வரைக்கும் உங்கட தொழிலுக்குக் குறை வராது. பாலம் திறந்தாப் பிறகு, உங்களுக்கு இங்க காவல் வேலை ஒண்டு கேட்டுப் பாக்கிறன்."

ஜெராட்டின் சிரிப்பு நின்றது. "மிஸ்..." என்று தொடங்கியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமித்தம்பி வாவிப் பக்கம் திரும்பினார். காற்று எழும்பித் தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"தொழிலுக்காகக் கேக்கல்ல மகள். புள்ளைகள ஏத்தக்குள்ள ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்கு. நான் நிப்பாட்டினா, அதுகள் பள்ளிக்குப் போக வேற வழியில்ல. பாலம் பூட்டின கிழமை, நீங்க வாறதுக்கு முதல், காத்தில என்ட தோணி கவுண்டுபோச்சு. எல்லாப் புள்ளைகளையும் ஒவ்வொண்டாப் புடிச்சுக் கரையில விட்டன்." அவர் கட்டியிருந்த தோணியைப் பார்த்தார். "கடைசியாத்தான் என்ட மகளுக்குக் கை நீட்டினன். அதுக்குள்ள அவளத் தண்ணி கொண்டுபோயிற்று."