ஏகமனதாக ஓர் ஆட்சேபம்

“செயலாளர் மேடம், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த வீடு விஷயத்தை எடுங்க” என்றார் மேனேஜர்.

வங்கி மேலாளராக இருந்து அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. ஆனால் எதிரே நிற்பவரெல்லாம் கடன் கேட்டு வந்தவர் என்கிற நினைப்பு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருடைய தெருவின் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் திரண்டு வந்து ஊர் மன்றக் கூடத்தின் முன் வரிசைகளை வளைத்துப் போட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஊருக்குத் தெற்கே, குளத்தங்கரைத் திடலில் மிச்சமிருக்கும் இடத்தில் முப்பது சின்ன வீடுகள் கட்டத் திட்டம் வந்திருந்தது. வாடகைக்கு ஒண்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குத்தான். பட்டியலில் முதல் பெயர் சுகாதார நிலையத்து நர்ஸுடையது. கணவர், இரண்டு பெண்கள், அவள் என்று நாலு பேரும் உரக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் காலம் தள்ளுகிறார்கள். இன்று மன்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். அவள் வேலை முடிந்த கையோடு யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வாரா வாரம் அவர் வீட்டுக்கே போய் அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பவள் அவள்தான். அந்த விசுவாசம் அவருக்கு இல்லாமல் இல்லை.

“உன்னைச் சொல்லலைம்மா. நீ தங்கமான பொண்ணு. பொதுவாச் சொல்றோம்.”

“அந்த ரூம்ல ஜன்னலே இல்லை சார். சின்னவளுக்கு ரெண்டு வருஷமா இழுப்பு. அதான் கேக்கறோம்.”

“அதுக்காக ஊரையே கெடுத்துக்க முடியுமாம்மா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவருக்கு எத்தனை தடவை மாத்திரையை ஞாபகப்படுத்தியிருப்பேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மேனேஜர் தரப்பு மனு தயாரான கதையைச் சொல்லியாக வேண்டும். பஸ் நிலையத்து டைப் கடைக்காரரிடம் காரசாரமாக நாலு பாயின்ட் போட்டு அடித்துத் தரச் சொன்னதோடு மேனேஜரின் வேலை முடிந்தது. அடித்து வந்ததைத் தானும் படிக்காமல் வீடு வீடாகக் கொண்டு போனார். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. எதிர்ப்பதற்குப் படிப்பு எதற்கு?

செயலாளர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எதையும் சட்டப்படி, வரிசைப்படி, நிதானமாகச் செய்கிற அம்மாள். கோப்பைப் பிரித்து, படிப்பதற்கு முன்னால் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். மனுவே எல்லா விளக்கத்தையும் சொல்லும், படியுங்கள் என்று மேனேஜர் வாயை அடைத்துவிட்டார். தலைவர் டயர் கடை வைத்திருப்பவர். கடைசியாக யார் பேசினார்களோ அவர் பக்கம் சாய்கிறவர். அவரும் படிக்கச் சொன்னார்.

செயலாளர் படித்தார். குளத்தங்கரைத் திடலில் வீடுகள் வந்தால் மழைத் தண்ணீர் குளத்துக்கு வரும் வழி அடைபடும். கைதட்டல். இருக்கிற குடிநீர் இருக்கிறவர்களுக்கே போதவில்லை. கைதட்டல். ஒரு வண்டி திணறிப் போகிற பாதையில் ஐம்பது வண்டி போகும். டைப் கடைக்காரன் பொளந்து கட்டியிருக்கிறான் என்று மேனேஜர் பக்கத்து வீட்டு வக்கீலின் காதைக் கடித்தார்.

“வரப்போகிறவர்களுக்கு இந்த ஊரின் அருமை தெரியாது. இன்று இடம் கொடுத்தால், நாளை இதே மன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நமக்கே நியாயம் சொல்வார்கள்.”

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. மேனேஜருக்குக் கண் கலங்கியேவிட்டது.

“ஆகவே அனுமதி தரக் கூடாது. மீறிக் கட்டினால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் இடித்துத் தள்ள வேண்டும்.”

இடிப்பதெல்லாம் கொஞ்சம் அதிகமில்லையா என்று தலைவர் இழுத்தார். ஒரு மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்தார்.

“ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது தலைவரே” என்றார் மேனேஜர். “இரக்கம் பாத்தா ஊர் உருப்படாது. அப்படியே தீர்மானமாப் போடுங்க. இப்பவே.”

அது கடைசியாகப் பேசியவரின் பேச்சு என்பதால் தலைவர் கையைத் தூக்கினார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் உட்பட ஏழு உறுப்பினர்களும் தூக்கினார்கள். செயலாளர் தீர்மானத்தை எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார். முன்வரிசையில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீ உக்காரும்மா. உங்க வீட்டு விஷயம் இன்னும் வரலை” என்றார் செயலாளர்.

மேனேஜருக்கு விளங்கவில்லை. “அதான் முடிஞ்சுபோச்சே மேடம். எங்க மனுவைத்தான் நிறைவேத்தியாச்சே?”

“உங்க மனு அடுத்தது சார்” என்றார் செயலாளர், கோப்பில் ஒரு தாளைப் புரட்டிக்கொண்டே. “இப்ப ஏகமனதா நிறைவேறினது, பதினோரு வருஷத்துக்கு முன்னால அதே திடல்ல உங்க தெரு இருபத்திரண்டு வீட்டையும் கட்டக் கூடாதுன்னு இந்த ஊர்க்காரங்க குடுத்து, இன்னிக்கு வரைக்கும் விசாரணைக்கே வராம அலமாரியில கிடந்த மனு.”